வெட்டிய புல்லை என்ன செய்வது

புல் வெட்டுகிற தொழிலில் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது; நாம் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பும்போதே அது பின்னால் வளர ஆரம்பித்திருக்கும். குன்னூர்ப் பக்கம் மழைக்காலத்தில் மிஷினைத் தோளில் மாட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். தோள்பட்டை வலி, காதுக்குள் ரீங்காரம், காலில் அட்டை, முழங்கால் வரை பச்சைச் சாயம். உங்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஆனால் வெட்டுவது இந்தத் தொழிலில் பாதிதான். வெட்டிய புல்லை என்ன செய்வது என்பது மீதிப் பாதி. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் நான் திறக்கிறேன்.

முன்பெல்லாம் மிஷின் என் வீட்டுக்காரர் தோளில் இருந்தது. அவர் முன்னால் வெட்டிக்கொண்டே போவார். நான் ரேக்கால் வாரிச் சாக்கில் அடைத்துக்கொண்டு பின்னால் போவேன். போகிற வழியெல்லாம் பேசுவேன். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு வார்த்தை கேட்காது. கேட்காது என்று தெரிந்துதான் பேசுவேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அவர் முதுகிடம் சொல்லித் தீர்த்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மிஷினை நானே மாட்டிக்கொண்டேன். இப்போது வெட்டுவதும் நான், வாருவதும் நான். பேச்சுதான் நின்றுபோய்விட்டது.

மகள் கவிதாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. மருமகன் கத்தாரில் இருக்கிறார். மலையில் ஒண்டிக்கட்டையாக என்ன செய்கிறாய், இங்கே வந்துவிடு என்று அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வேன். பெற்ற மகள் என்னைப் பார்த்துப் பாவப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. போவதா, இருப்பதா என்று தெரியாமல்தான் இந்த வருஷம் முழுக்க ஊரார் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடு மோந்து பார்த்தது

வெட்டிய புல் என்றதும் எல்லோருக்கும் மாடுதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் பாதையில் ருக்குமணியக்கா ஒரு மாடு வைத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் சாக்கு நிறையப் புல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். அன்று முழுக்க ஆளில்லாத பங்களாவில் வேலை, காலையிலிருந்து ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. மாடாவது முகம் கொடுக்கும் என்று ஒரு ஆசை. அது மோந்து பார்த்தது, என்னை ஒரு தரம் பார்த்தது, அப்படியே திரும்பிக்கொண்டது.

தப்பு மாட்டின் மேல் இல்லை. மிஷினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்துதான் ஊற்றுகிறோம். அந்தப் புகை புல்லில் படிந்துவிடும். போதாததற்குக் காலையில் வெட்டி அடைத்த சாக்கு சாயங்காலத்துக்குள் நடுவில் கொதித்துப் போயிருந்தது. அதைத் தின்றிருந்தால் மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கும். இப்போதெல்லாம் மாட்டுக்கு என்று வேலியோரத்தில் கொஞ்சம் விட்டுவைத்து, அதை அரிவாளால் அறுத்து, வாடுவதற்குள் கொண்டுபோய்ப் போடுகிறேன். அன்றைக்கு என் முகம் போன போக்கைப் பார்த்து ருக்குமணியக்கா சொன்னது இது: "ஏம்புள்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. பெட்ரோல் வாசத்துக்கு ஏதோ பஸ்ஸு வருதுன்னு ஒதுங்கி நிக்குது."

கேட்கக் கூடாத கேள்வி

வெட்டிய புல் வீட்டுக்காரர்களுக்குக் குப்பை. எடுத்துக்கொண்டு போய்விடு என்பார்கள். ஆனால் எடுத்துக்கொள்ளட்டுமா என்று நாம் கேட்டுவிடக் கூடாது. கோத்தகிரி ரோட்டில் புதிதாக வீடு வாங்கி வந்த ஒரு அம்மாவிடம் அப்படிக் கேட்டுத் தொலைத்தேன். அவர் சாக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சமையலறை ஜன்னலுக்கு அடியில் கொட்டச் சொன்னார். பச்சைப் புல்லைக் கெட்டியாகக் குவித்துவைத்தால் இரண்டு மழையில் வழவழவென்று அழுகி நாறும் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது மழைக்கு மறுநாள் அவரே போன் செய்து வாரச் சொன்னார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்ட அன்றைக்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்: "நீங்க கேக்கறீங்கன்னா அதுல ஏதோ இருக்கு. இங்கயே இருக்கட்டும்."

பீன்ஸுக்கு நடுவே

தங்கவேல் சார் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகன் கனடாவில் இருக்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன சம்சாரம் அங்கேயே தங்கிவிட்டார். இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போகிறது. சார் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸும் கேரட்டும் போட்டிருக்கிறார். பாத்தியில் செடிக்கு நடுவே காய்ந்த புல்லை மெல்லிசாகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் அதிகம் வராது. அதற்குப் புல்லை முதலில் தகரத்தின் மேல் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அது அவர் பொறுப்பு.

அன்றைக்கு மேலே மழை கூடிக்கொண்டு வந்தது. எனக்கும் அவசரம், சாருக்கும் அவசரம். காயவைக்க நேரமில்லை என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து பச்சையாகவே அள்ளிப் பரப்பிவிட்டோம். இங்கே பாதி லானில் இருப்பது கிக்குயூ புல். அதன் தண்டை வெட்டிப் போட்டால் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஈர மண்ணில் மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. மழை விட்டு வெயில் அடித்தபோது பீன்ஸ் பாத்தி முழுக்க அருமையான புல்தரை வந்திருந்தது. நாங்கள் உட்கார்ந்து பிடுங்கினோம், அது படுத்துக்கொண்டே வளர்ந்தது. கடைசியில் சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னார்: "விடும்மா. பையனுக்கு வீடியோ கால்ல எல்லாம் பச்சையாத்தான் தெரியும். எது பீன்ஸு, எது புல்லுன்னு அவன் என்ன நேர்ல வந்தா பாக்கப்போறான்?"

சம்பளம் வாங்காத ஆள்

தொழிலில் போட்டி எல்லோருக்கும் உண்டு. எங்களுக்குக் காட்டுமாடு. வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, உள்ளே வந்து நின்று நிதானமாக மேய்ந்துவிட்டுப் போகும். சீசனுக்கு மட்டும் சென்னையிலிருந்து வருகிற ஒரு மேடம் வீட்டில் முதல் நாள் பாதி வெட்டி, புல்லைக் கேட்டுக்குப் பக்கத்தில் குவித்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் காலையில் போனால் குவியலுக்கு முன்னால் ஒரு பெரிய காட்டுமாடு. பெட்ரோல் வாசத்தைக்கூடப் பார்க்காமல் குவியலை முடித்துவிட்டு லானில் இறங்கியிருந்தது. நான் வெட்டாமல் விட்ட பாதியைத்தான் மேய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதைப் பார்த்து ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மிஷினை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்தேன். அது நிமிர்ந்து பார்ப்பதும் மேய்வதுமாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு உயிரோடு சேர்ந்து வேலை பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு பச்சைக் குவியலை வழியோரத்தில் விடுவதில்லை, எங்காவது தள்ளிப் போட்டுக் காய்ந்த சருகைக் கொட்டி மூடிவிடுகிறேன். அன்று மாடி ஜன்னலைத் திறந்து மேடம் சொன்னது: "அது ஏற்கெனவே பாதி முடிச்சிருச்சு. மிச்சத்தை யார் பண்றதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. மத்தியானம் எனக்கு கெஸ்ட் வர்றாங்க."

புகைகிற குவியல்

பச்சைப் புல்லும் காய்ந்த சருகும் சமையலறைக் கழிவும் மாற்றி மாற்றிப் போட்டுக் குவித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் நல்ல எரு. அந்தக் குவியல் உள்ளுக்குள் சூடாகும், குளிர்காலக் காலையில் அதிலிருந்து ஆவி கிளம்பும். நான் வேலைக்குப் போகிற ஒரு ஹோம்ஸ்டேயில் பின்பக்கம் அப்படி ஒரு குவியல் வளர்த்திருக்கிறேன். காலையில் போனதும் மிஷின் கைப்பிடியைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் அதற்குள் நுழைத்துக்கொள்வேன். என் வீட்டில் ஒருத்திக்காக எதற்கு என்று காலையில் அடுப்புக்கூடப் பற்றவைப்பதில்லை. இங்கே எனக்காக யாரோ முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்த மாதிரி இருக்கும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம்.

ஒருநாள் நான் போவதற்குள், கீழிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம் ஆவியைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றியிருந்தது. நல்ல மனிதர்கள். ஈரத்துணியோடு நின்று என்னிடம், பயப்படாதீர்கள், அணைத்துவிட்டோம் என்றார்கள். நான் நன்றி சொன்னேன், வேறு என்ன சொல்ல. ஊறிப்போன குவியலைக் கிளறிவிடலாம் என்று ரேக்கை எடுத்தபோது சமையல்காரர் பாபு ஓடிவந்தார். தேவர்சோலைக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும், இந்த வீட்டுக்கு ஒற்றை ஆள். தணிந்த குரலில் சொன்னார்: "அந்தக் கரையில கொஞ்சம் நனையாம இருக்கு சேச்சி, அத மட்டும் இளக்க வேண்டா. காலைல நாயும் நானும் அங்கதான் இருப்போம்."

அரைவாசி

பெரிய பங்களா ஒன்றில் ஆறுமுகம் அண்ணன் வாட்ச்மேன். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அந்த வீட்டுக்காரர்கள் வருவது அபூர்வம். வருகிறேன் என்று போன் வரும், வீட்டைத் துடைத்து வைப்பார், அப்புறம் வரவில்லை என்று போன் வரும். கேட்டோரமாக வரிசையாக டேலியாப் பூச்செடி வைத்திருக்கிறார். யார் பார்க்க என்று ஒருமுறை கேட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

கார்த்திகை பிறந்தால் புல் வளர்வது குறையும், எங்களுக்கு வேலையும் குறையும். ஆனால் அந்தக் கடைசி வெட்டுக்கு இங்கே மதிப்பு அதிகம், பனி வருகிறதல்லவா. காய்ந்த புல்லைச் சாயங்காலம் செடி மேல் போர்த்திவிட்டு, காலையில் வெயில் படுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். உறைந்த இலையில் நேரே வெயில் பட்டால் நெருப்பில் காட்டிய மாதிரி கருகிப்போகும். அண்ணன் டேலியாவுக்குப் போர்த்துவார், தண்ணீர்க் குழாய்க்குப் புல்லைச் சுற்றிச் சாக்கால் கட்டுவார், மிச்சத்தைப் பழைய பேன்ட் காலில் அடைத்துத் தன் அறைக் கதவின் அடியில் குளிர் வராமல் வைப்பார். போன கார்த்திகையில் நான் அங்கே வெட்டிக்கொண்டிருந்தபோது, இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது, கையைக் காட்டி நிறுத்தினார். மிஷினை அணைத்தேன். ஏதோ கல் தட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் லானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அரைவாசிய வச்சுட்டுப் போ புள்ள. நாளைக்கும் நீ வந்தா, ரெண்டு நாள் ஆள் நடமாட்டம் இருந்த மாதிரி கெடக்கும்."

பேரிக்காய்ப் பெட்டி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரி மரம் நிற்கிறது. ஆடியில் காய்த்துக் கொட்டும். ஒருத்தி எத்தனை தின்பது. அட்டைப் பெட்டியில் காய்ந்த புல்லை மெத்தை மாதிரி பரப்பி, ஒரு வரிசை காய், மேலே புல், மறுபடி காய் என்று அடுக்கித் திருப்பூர் பஸ்ஸில் போட்டுவிடுவேன். மலையிலிருந்து இத்தனை வளைவு இறங்கினாலும் காய் அடிபடாது. புல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். முட்டைக்கும் இதேதான்.

இந்த வருஷமும் அனுப்பினேன். காய் எப்படி இருந்தது என்று கேட்டதற்குக் கவிதா, ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன் என்றாள். பேச்சுவாக்கில், புல்லைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, பெட்டியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், வீட்டு வாசம் அடிக்கிறது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பெண் செய்கிற காரியமா, பூச்சி வரும், முதலில் வெளியே போடு என்று சத்தம் போட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "வந்தா வரட்டும்மா. பூச்சியாவது வீட்டுக்கு வரட்டும்."

திருப்பூரில் ஒரு புல்தரை

அதை நான் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ஆவணியில் மழை நின்ற ஒரு வாரம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினேன். முடிவு சொல்லப் போகவில்லை. சொல்லாமல் இருக்க நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனேன். போன உடனே கிடைத்தது. மூன்றாவது மாடி, சின்ன பால்கனி, அதில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல். உனக்காகத்தான் வாங்கிப் போட்டேன், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்டவே வேண்டாம் என்று கவிதா பெருமையாகச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்றேன். காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. மத்தியான வெயிலில் அது தோசைக்கல் மாதிரி சுட்டது. அவள் வேலைக்குப் போன பிறகு பொழுது போகாமல் விளக்குமாற்றை எடுத்து அதைப் பெருக்கினேன். வாருவதற்கு ஒரு துரும்பு இல்லை. இங்கே நமக்கு வேலையில்லை, மலைக்கே போய்விடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தையைக்கூடத் தேடி வைத்தேன்.

தெருவிளக்கு போட்ட பிறகு காலிங் பெல் அடித்தது. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு தரம் அடித்து நின்றது, மறுபடி அடித்தது. கையைக் கழுவாமல் ஓடிப்போய்த் திறந்தால் கவிதா நிற்கிறாள். அவள் விரலில் வீட்டுச் சாவி தொங்குகிறது. தினமும் அவளே திறந்துகொண்டு வருகிற கதவு அது. கையில் சாவியை வைத்துக்கொண்டு மாவுக் கையோடு என்னை எதற்கு ஓட வைக்கிறாய் என்று திட்டினேன். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் சரியாக வரவில்லை. "சாவி தெனமும்தாம்மா இருக்கு. உள்ள இருந்து யாராவது வந்து தெறக்கறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் தனிமைக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் தனிமையைச் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. தேடி வைத்திருந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டுச் சப்பாத்தி போட்டேன். சாப்பிடும்போது, ஐப்பசி மழைக்கு முன் சாமானை ஏறக்கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

திரும்பி வந்து மிஷினைத் துடைத்து ஆயில் போட்டு வைத்துவிட்டேன். தங்கவேல் சாரிடம் சொல்லியாகிவிட்டது, ருக்குமணியக்காவிடம் சொல்லியாகிவிட்டது, பாபுவிடமும் சொல்லியாகிவிட்டது. ஆறுமுகம் அண்ணனிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை. பங்களா கேட் வரை போய்விட்டு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

நான் இறங்கிப் போய்விட்டால் குன்னூருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன்: புல் ஒரு முழம் கூடுதலாக வளரும், அவ்வளவுதான்.